ஐந்து வாசல் உள்ள சபை: இந்திய மாநிலங்களின் மேலவைத் தேர்தல்

தமிழகத்துச் சஞ்சிகைகளை வாசித்துப் பழகிய எங்களுக்கு எம்.எல்.ஏ. என்ற சொல் புதிதல்ல. எம்.எல்.சி. என்று வரும்போதுதான் கொஞ்சம் தடுமாறுகிறோம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் சிலவற்றில் ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்து இருக்கும். "சேர், எம்.எல்.சி. எண்டா எம்.ஏ. மாதிரி ஒரு பட்டமா?" என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். எழுத்தாளர்களும் கல்விமான்களும் அந்த மூன்றெழுத்தைச் சுமந்த காலம் ஒன்று இருந்தது. அது மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர் என்பதைக் குறிக்கும்.

இந்தியாவில் இன்று எல்லா மாநிலங்களிலும் மேலவை இல்லை. உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா, பீகார், கர்நாடகா, ஆந்திரப் பிரதேசம், தெலுங்கானா ஆகிய ஆறில் மாத்திரமே இருக்கின்றது. உத்தரப் பிரதேசத்தில் 100 பேர், தெலுங்கானாவில் 40 பேர், மற்றவை இடையில். சட்டசபையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, 40 க்குக் குறையவும் கூடாது என்பது அரசியலமைப்பின் விதி. உறுப்பினரின் காலம் ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெறுவார்கள். அதனால் சட்டசபையைப் போல இதைக் கலைக்க முடியாது. வேட்பாளருக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இவ்வளவும் எந்தக் குடியியல் பாடநூலிலும் கிடைக்கும். என்னை இந்த விடயத்தில் இழுத்தது வேறு. இந்தச் சபைக்குள் போக ஐந்து வாசல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வாசலிலும் வாக்காளர் வேறு வேறு ஆட்கள். மூன்றில் ஒரு பங்கினரை உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டசபை உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மிச்சமுள்ள ஆறில் ஒரு பங்கினரை ஆளுநர் நியமிக்கிறார். தெலுங்கானாவின் 40 பேரை இப்படிப் பிரித்தால் 14, 14, 3, 3, 6 என்று வரும். சாதாரண வாக்காளர் ஒருவர், அதாவது பட்டமும் இல்லாத, ஆசிரியரும் அல்லாத ஒரு கமக்காரரோ கடைக்காரரோ, இந்த 40 பேரில் ஒருவருக்கும் நேரடியாக வாக்களிக்க முடியாது.

இந்த வாசல்களுக்கு முன்னால் வேறு வாசல்கள் இருந்தன. 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்துக்கு 1937 இல் மேலவை வந்தது. அதன் 54 முதல் 56 வரையான இடங்களில் 35 பொது இடங்கள், 7 முஸ்லிம்களுக்கு, 3 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு, 1 ஐரோப்பியருக்கு, மீதி நியமனம். முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம் வாக்காளர் மாத்திரம் வாக்களித்தனர். 1950 இல் சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு இந்தத் தனித்தொகுதி முறையை முற்றாக நீக்கிவிட்டது. மேலவையில் சமூகத்தின் பெயரால் இருந்த வாசல்கள் மூடப்பட்டு, படிப்பின் பெயராலும் தொழிலின் பெயராலும் வாசல்கள் திறக்கப்பட்டன. சிறுபான்மையினரான நாங்கள் இந்த மாற்றத்தைக் கவனித்து வாசிக்க வேண்டும். 'முஸ்லிம் உறுப்பினர்' என்று ஒருவர் இனி அங்கே இல்லை. ஒரு முஸ்லிம் உள்ளே வருவதென்றால் கட்சியின் ஆளாக, மாநகர சபைகளின் ஆளாக, ஆசிரியர்களின் ஆளாக, அல்லது ஆளுநரின் ஆளாக வரவேண்டும்.

ஆசிரியர் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வேன், தொழில் பாசம். இடைநிலைப் பாடசாலைக்குக் குறையாத தரமுள்ள நிறுவனத்தில், கடைசி ஆறு வருடத்துக்குள் மூன்று வருடமாவது கற்பித்தவருக்கே அங்கே வாக்கு. ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு இல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருநாள் இதைச் சொன்னபோது, இருபது வருடமாக முதலாம் ஆண்டுக்குப் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கொப்பி திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப 'அ' எழுதப் படிச்சுக் குடுக்கிற நாங்க ஆசிரியர் இல்லையா சேர்? நாங்க அனுப்புற புள்ளைகளத்தானே நீங்க படிப்பிக்கிறீங்க?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசியலமைப்பு எழுதப்பட்ட காலத்தில் இந்தியாவில் எழுத்தறிவு 18 வீதமளவில்தான் இருந்தது. படித்தவர்கள் கைப்பிடியளவு, அவர்களின் குரல் சபையில் தனியாக ஒலிக்கட்டும் என்ற எண்ணத்துக்கு அன்று ஓரளவு இடமிருந்தது. இன்று வீட்டுக்கு ஒரு பட்டதாரி இருக்கிறார், விதி மாத்திரம் அப்படியே கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பட்டதாரிகள் தொகுதியில் வாக்களிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், போட்டியிடுபவர் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியிலிருந்துதான் இந்த வழக்கு எழுந்தது. பட்டதாரி அல்லாதவரின் தெரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, உச்ச நீதிமன்றம் 1972 இல் நாராயணசுவாமி எதிர் பன்னீர்செல்வம் வழக்கில் அதை மாற்றியது. வாக்காளரின் தகுதியை அரசியலமைப்பு சொல்லியிருக்கிறது, வேட்பாளருக்கு அப்படி ஒன்றைச் சொல்லவில்லை, சொல்லாததை நாங்கள் சேர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரி. ஆனால், படித்தவரைச் சபைக்கு அனுப்பத் திறந்த வாசல் என்று சொல்லிக்கொண்டிருந்த நியாயம் அன்றோடு பாதி போய்விட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம், அனுப்புகிற உரிமைதான் படித்தவருக்கு.

சரி, வாக்களிப்பது எப்படி? இங்கே எங்கள் வாசகர் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பாராளுமன்றத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்கு அளிக்கிறோம். அந்த மூன்றுக்கும் ஒரே பெறுமதி, முதலாவது இரண்டாவது என்ற வரிசை இல்லை. மேலவைத் தேர்தல் அப்படியல்ல. அது எங்கள் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கிட்டவானது: 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். 2024 செப்டெம்பரில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், எங்கள் வரலாற்றில் முதல்தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே நாங்கள் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே வெட்டில் நீக்கினோம். இந்திய மேலவையில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்கி, அவருடைய வாக்குச் சீட்டில் அடுத்த இலக்கம் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவருக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். இதை மாற்றத்தக்க தனி வாக்கு என்கிறோம். சீட்டு ஒன்று, வாக்கு ஒன்று, அது கைமாறிப் போகும்.

2021 மார்ச்சில் ஹைதராபாத், ரங்காரெட்டி, மகபூப்நகர் மாவட்டங்களை உள்ளடக்கிய பட்டதாரிகள் தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஓர் இடத்துக்கு 93 வேட்பாளர்கள். மின்னணு இயந்திரம் இதற்குச் சரிவராது, ஆகவே வாக்குச் சீட்டு, அதுவும் பத்திரிகைத் தாள் அளவில். மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். முதல் விருப்பில் எவருக்கும் பாதி கிடைக்கவில்லை. 17 ஆம் திகதி தொடங்கிய எண்ணிக்கை, ஒவ்வொருவராக நீக்கி நீக்கி, 20 ஆம் திகதிதான் முடிந்தது. முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவின் மகள் வாணி தேவி வென்றார். என்னைத் திகைக்க வைத்தது அதுவல்ல. இருபதினாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வாக்காளர் அத்தனை பேரும் பட்டதாரிகள்! விதி கடினமானதல்ல: தருகின்ற ஊதா நிறப் பேனையால் மாத்திரம் எழுது, 1 என்று இலக்கத்தில் எழுது, 'ஒன்று' என்று எழுத்தில் எழுதாதே, சரி அடையாளம் போடாதே, கையெழுத்து வைக்காதே. இவ்வளவுதான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொத்தானை அழுத்திப் பழகிய கை, புதிய சீட்டைக் கண்டால் தடுமாறும். வாக்கெண்ணும் கடமைக்குப் போய்வந்த எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். புள்ளடி போடவேண்டிய இடத்தில் கையொப்பத்தைப் போட்டுவிட்டுப் போகிற கனவான்களை அவர் அறிவார்.

அதே ஹைதராபாத், அதே மேலவை, வேறு வாசல். 2025 ஏப்ரலில் ஹைதராபாத் உள்ளூராட்சித் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். வாக்காளர் மொத்தம் 112 பேர். மாநகராட்சி உறுப்பினர்களும், பதவிவழியாக அதில் அங்கம் பெற்ற சட்டசபை, பாராளுமன்ற உறுப்பினர்களும்தான் அந்த 112. வாக்களித்தவர் 88 பேர். மஜ்லிஸ் கட்சியின் வேட்பாளருக்கு 63, பா.ஜ.க. வேட்பாளருக்கு 25. எண்ணி முடிக்க ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும். மூன்றரை இலட்சம் பேர் வாக்களித்து வந்தவரும், 63 பேரின் கையால் வந்தவரும் அந்தச் சபையில் சரிசமமாக அமர்கிறார்கள்.

இது அநியாயம் என்று உடனே சொல்லத் தோன்றும். நான் அப்படி அவசரப்பட மாட்டேன். பழைய ஹைதராபாத்தின் முஸ்லிம் வட்டாரங்கள் மாநகராட்சிக்கு அனுப்பிய உறுப்பினர்கள்தான் அந்த 63 இன் முதுகெலும்பு. தனித்தொகுதி இல்லாமல், ஒதுக்கீடு இல்லாமல், வட்டாரத்தில் கட்டியெழுப்பிய பலம் மேலவை வரை ஏறியிருக்கிறது. அதேநேரம் வாக்காளர் தொகை இவ்வளவு சிறியதாக இருந்தால், வாக்கை வாங்குவதும் இலகு, வாக்காளரை ஒரு பேருந்தில் ஏற்றி உல்லாச விடுதியில் அடைத்து வைப்பதும் இலகு. இந்தியாவில் உள்ளூராட்சித் தொகுதிகளுக்குத் தேர்தல் வரும்போதெல்லாம் உறுப்பினர்களை இப்படி 'சுற்றுலா' கூட்டிப்போகும் செய்தி பத்திரிகையில் வராமல் இருப்பதில்லை.

நான்காவது வாசல் சட்டசபை உறுப்பினர்களின் வாசல். இதுதான் அரசியல் சூடு மிகுந்தது. மகாராஷ்டிராவில் உத்தவ் தாக்கரே 2019 நவம்பர் 28 இல் முதலமைச்சரானபோது இரு சபையிலும் அவர் உறுப்பினர் அல்ல. ஆறு மாதத்துக்குள் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். அதற்குள் கொரோனா வந்து தேர்தல்கள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன. தன்னை நியமிக்கும்படி அமைச்சரவை மூலம் ஆளுநரிடம் கேட்டும் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் தேர்தல் ஆணையம் 9 இடங்களுக்குத் தேர்தலை அறிவிக்க, 9 பேர் மாத்திரம் களத்தில் நின்றதால் போட்டியின்றித் தெரிவானார். காலக்கெடு முடிய இரு வாரம்கூட இருக்கவில்லை.

அதே மேலவைத் தேர்தல் இரண்டு வருடத்தில் அவருக்கு எதிராகத் திரும்பியது. 2022 ஜூன் 20. 10 இடம், 11 வேட்பாளர், வாக்களித்த சட்டசபை உறுப்பினர் 285 பேர். வெல்லத் தேவையான பங்கை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: வாக்குகளை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் தொகையால் பிரி, அதற்கு மேல் போ. 285 ஐ 11 ஆல் பிரித்தால் 25.9. ஆகவே 26 பேர் கையில் இருந்தால் ஓர் இடம் நிச்சயம். உண்மையில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 பெறுமதி வைத்து எண்ணுவார்கள், வென்றவருக்கு மிகுதியான வாக்கைப் பின்னமாக அடுத்தவருக்கு மாற்றுவதற்காக. எங்களுக்கு 26 போதும். பா.ஜ.க.விடம் இருந்தது 106 பேர், நால்வருக்கே கணக்குச் சரி. ஐந்தாவது ஆளையும் நிறுத்தினார்கள், ஐவரும் வென்றார்கள். ஆளும் கூட்டணியின் ஆறு பேரில் ஒருவர் தோற்றார், அவரும் காங்கிரஸ் தன் முதல் தெரிவாக முன்னிறுத்தியவர். யார் வாக்கு மாறியது? தெரியாது. மாநிலங்களவைக்குச் சட்டசபை உறுப்பினர்கள் வாக்களிக்கும்போது சீட்டைக் கட்சி முகவருக்குக் காட்ட வேண்டும் என்று 2003 இல் சட்டம் மாற்றப்பட்டது. மேலவைக்கு அந்த மாற்றம் இல்லை, அது இன்றும் இரகசிய வாக்கு. அன்றிரவே ஏக்நாத் ஷிண்டேயும் ஆதரவாளர்களும் சூரத்துக்குப் போனார்கள். 29 ஆம் திகதி அரசாங்கம் இல்லை.

ஐந்தாவது, நியமன வாசல். இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை என்று ஐந்து துறைகளை அரசியலமைப்பு பெயர் சொல்லிக் குறிக்கிறது. எங்களைப் போன்ற எழுத்து ஆட்களுக்கு இனிக்கிற விடயம். ஆனால் 1952 இல் சென்னையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது, தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா இந்த வாசலால்தான் உள்ளே எடுத்தார், அவர் முதலமைச்சரானார். தமிழ்நாட்டின் மேலவை முடிந்துபோனதும் இதே வாசலில்தான். நடிகை ஒருவரை நியமிக்கப்போய் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து எம்.ஜி.ஆர். அரசு மேலவையே வேண்டாமென்று தீர்மானித்தது, 1986 நவம்பர் 1 இல் அது ஒழிந்தது. அப்போது அதன் தலைவர் ம.பொ.சிவஞானம். பாடசாலைப் படிப்பை இடையில் விட்டு, அச்சுக்கோப்பவராக இருந்து சிலப்பதிகாரத்தில் கரைகண்ட அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த வாசல் உண்டாக்கப்பட்டது என்பேன். பின்னர் தி.மு.க. மேலவையை மீண்டும் கொண்டுவரச் சட்டம் வரை போனது, 2011 இல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது.

ஒழிப்பது இவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். சட்டசபை மூன்றில் இரண்டு பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால் பாராளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் முடித்துவிடும். ஆந்திராவில் 1985 இல் ஒழித்து, 2007 இல் மீட்டார்கள். 2020 ஜனவரியில் மூன்று தலைநகர்ச் சட்டமூலத்தை மேலவை தெரிவுக்குழுவுக்கு அனுப்பிவிட்டது என்ற கோபத்தில் மீண்டும் ஒழிக்கத் தீர்மானித்து, அடுத்த வருடம் நவம்பரில் அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். அதற்கிடையில் மேலவையில் பெரும்பான்மை ஆளுங்கட்சியின் பக்கம் வந்துவிட்டது. மேலவையால் ஒரு சட்டமூலத்தை முதலில் மூன்று மாதம், திரும்ப வந்தால் ஒரு மாதம் தாமதப்படுத்தலாம், நிதிச் சட்டமூலமென்றால் 14 நாள். அந்த நான்கு மாதத்தைக்கூடப் பொறுக்க முடியாத அரசாங்கங்கள்தான் மேலவை வீண்செலவு என்று பேசுகின்றன.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? எங்களுக்கும் ஒரு மேல்சபை இருந்தது. 1947 முதல் 1971 ஒக்டோபர் 2 வரை இருந்த மூதவையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை இதே மாற்றத்தக்க தனி வாக்கால் தெரிவு செய்தது, 15 பேர் நியமனம். ஸாஹிராக் கல்லூரி அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1952 முதல் 1963 வரை அங்கே இருந்தார். பொதுத் தேர்தலில் ஊர்ஊராக வாக்குக் கேட்டுத் திரிகிற மனிதராக அவரைக் கற்பனை செய்யவே எனக்கு முடியவில்லை. அப்படியானவரின் குரல் மொழிப் பிரச்சினை கொதித்த காலத்தில் சட்டமன்றத்தில் இருந்தது என்றால், அது அந்த வாசலால்.

2017 இல் வெளியான அரசியலமைப்பு வழிகாட்டல் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபை ஒன்றைப் பிரேரித்தது. ஒவ்வொரு மாகாண சபையும் ஐவரை, பாராளுமன்றம் பத்துப் பேரை, மாற்றத்தக்க தனி வாக்கால் தெரிவு செய்யும். அந்த முயற்சி நின்றுபோனாலும், அரசியலமைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த யோசனையும் எழும்பும். அப்போது எங்கள் தலைவர்கள் "முஸ்லிம்களுக்கு எத்தனை இடம்?" என்று மேடையில் கேட்பார்கள். வாசலில் நிற்பது யார், எத்தனை பேர் சேர்ந்தால் கதவு திறக்கும் என்ற கணக்கை முதலில் போட வேண்டும்.

மகாராஷ்டிராவுக்குப் போட்ட அதே கணக்குத்தான். ஐந்து இடமென்றால் ஆறால் பிரி, அதற்கு மேல் போ. கிழக்கு மாகாண சபையில் 37 பேர். ஆறால் பிரித்தால் 6.2, ஆகவே 7 பேர் வேண்டும். 2012 தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் தனித்துக் கேட்டு அங்கே வென்றது சரியாக 7. ஓர் இடம், யாருடைய தயவும் இல்லாமல். ஆனால் எங்கள் சனத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிழக்குக்கு வெளியில் இருக்கிறார்கள். மேல் மாகாண சபையில் 104 பேர், தேவையான பங்கு 18. 2014 இல் முஸ்லிம் காங்கிரசுக்கு அங்கே 2, மக்கள் காங்கிரசுக்கு 1. பெரிய கட்சிகளின் பட்டியலில் வந்த முஸ்லிம் உறுப்பினர்கள் வேறு. அவர்கள் இரகசியச் சீட்டில் 1 ஐ யாருக்குப் போடுவார்கள், 2 ஐ யாருக்குப் போடுவார்கள் என்பது அவர்களுக்கும் அவர்களின் கட்சிக்கும் இடையிலான விடயம். மூன்று பேர் கையில் இருந்தால், பதினைந்து பேரை வெளியில் தேட வேண்டும்.